டிஜிட்டல் வீடியோவை வி.எச்.எஸ். கேசட்டில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியிலோ போனிலோ இருக்கும் வீடியோவை வீட்டிலேயே வி.எச்.எஸ். கேசட்டில் பதிய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர். டெக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ரெக்கார்டு பட்டனை அழுத்துவது கடைசி வேலை. ஃபைலை எப்படித் தயார் செய்கிறோம், சிக்னல் எதன் வழியாக டெக்குக்குப் போகிறது என்ற இரண்டிலேயே படத்தின் தலையெழுத்து முடிந்துவிடும். அதனால் அந்தப் பதில்கள்தான் இங்கே நீளமானவை.

என்னென்ன பொருட்கள் தேவை?

டெக், கேசட், வீடியோவை அனலாக் சிக்னலாக வெளியே தரும் ஒரு கருவி, ஏவி கேபிள், சரிபார்க்க ஒரு டிவி. அவ்வளவுதான்.

டெக் வாங்குவதற்கு முன் ரெக்கார்டு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். வி.சி.பி. என்று விற்றவை கேசட் போட்டுப் பார்க்க மட்டுமே, பதியாது. ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திய பிறகு புது வி.சி.ஆர். வருவது நின்றுவிட்டது. ஆகவே கிடைப்பதெல்லாம் பழையதுதான். பழையதில் ஓட்டிப் பார்த்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பின்பக்கத்திலோ முன்மூடிக்குள்ளோ ‘இன்’ என்று போட்ட ஏவி துளைகள் இருக்கும். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளை இடது ஒலிக்கு, சிவப்பு வலது ஒலிக்கு. மோனோ டெக்கில் சிவப்பு இருக்காது. ஸ்கார்ட் என்ற ஐரோப்பிய 21 பின் துளை மட்டும் உள்ள டெக்குக்கு, உள்ளே–வெளியே என்று தள்ளும் சுவிட்ச் வைத்த ஸ்கார்ட் அடாப்டர் வேண்டும். சுவிட்ச் இல்லாத மலிவு அடாப்டர் பல சமயம் வெளியே தருவதற்கு மட்டும் கம்பி இழுத்திருக்கும். அதில் மணிக்கணக்காகத் தலையை உடைத்தாலும் படம் உள்ளே போகாது. ஆண்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய டெக்குக்கு, ஏவியை ஆண்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் வேண்டும், படம் ஒரு படி மங்கும்.

எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போதாதா? டிவிடி பிளேயர் வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

இரண்டும் வேலை செய்யும். ஆனால் எங்கள் ஓட்டு டிவிடி பிளேயருக்கே.

சின்னப் பெட்டியாக வரும் கன்வெர்ட்டரின் குறை, எந்தப் படம் வந்தாலும் அதை 4:3 சட்டத்துக்குள் அப்படியே அமுக்கிவிடுவது. ஃபிரேம் வேகத்தை மாற்றுவதிலும் அது கெட்டிக்காரத்தனம் காட்டாது. மஞ்சள் பின்னுள்ள பழைய டிவிடி பிளேயரோ அந்தக் கால டிவிக்கென்றே செய்யப்பட்டது. 720×576 அளவில், சரியான வரி ஒழுங்கில், 4:3 வடிவத்தில் சிக்னல் தர அதற்குத் தெரியும். ஃபைலை டிவிடியாக எழுதிப் போட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். 4.7 ஜிபி டிவிடியில் 2 மணி நேர வீடியோவை நொடிக்கு 4.5 மெகாபிட் வேகத்தில் எழுதலாம், வி.எச்.எஸ். தரத்துக்கு அது தாராளம். சில பிளேயர்களில் யுஎஸ்பி துளையும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் எம்பெக்-2, எக்ஸ்விட் வகை ஃபைல்களைத்தான் ஓட்டும். போனிலிருந்து எடுத்த எம்பி4 ஃபைலைக் கொடுத்தால் ‘தெரியாது’ என்றுவிடும்.

கன்வெர்ட்டர்தான் வாங்குவேன் என்றால் திசையைப் பார்த்து வாங்குங்கள். எச்டிஎம்ஐ உள்ளே, ஏவி வெளியே என்பது நமக்கு வேண்டியது. இதே போன்ற பெட்டியில், இதே நிறத்தில், எதிர்த்திசைக் கருவியும் விற்கிறது. கன்வெர்ட்டருக்கு யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் மின்சாரமும் தனியாகக் கொடுக்க வேண்டும். லேப்டாப்பிலிருந்து எடுக்காமல் போன் சார்ஜரிலிருந்து கொடுப்பது நல்லது.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு. 4 வரையிலான பெரும்பாலான மாடல்களில் 3.5 மிமீ ஜாக்கிலேயே ஏவி சிக்னல் வரும். அதற்கு நாலு வளைய கேபிள் வேண்டும். கேம்கார்டரோடு வந்த கேபிள் தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் தரைக்கம்பியும் வீடியோவும் இடம் மாறியிருக்கலாம். பையில் படம் நுனிக்கு மிகத் தள்ளி, கேபிள் பக்கமுள்ள கடைசி வளையத்தில் வரும்.

‘பால்’, என்டிஎஸ்சி எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை டிவி சிக்னலின் இரண்டு முறைகள். உங்கள் டெக் எதைப் பதியுமோ அதை. ‘பால்’ முறையில் 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். என்டிஎஸ்சியில் 525 வரி, 29.97 ஃபிரேம். இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி ‘பால்’. வட அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி. பல ‘பால்’ டெக்குகளில் என்டிஎஸ்சி கேசட் ஓடும் என்று எழுதியிருக்கும். ஓடும் என்பதற்காகப் பதியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேசட்டை வேறொருவருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அவருடைய டெக் எந்த முறை என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

படத்தில் எல்லோரும் ஒல்லியாக நீண்டு தெரிகிறார்கள். ஏன்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். வி.எச்.எஸ். சட்டம் 4:3. இன்றைய வீடியோ 16:9. இரண்டுக்கும் நடுவே உள்ள கருவி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து முகம் நீளும்.

டிவிடி பிளேயராக இருந்தால் அமைப்புக்குள் போய் டிவி வடிவத்தை ‘4:3 லெட்டர்பாக்ஸ்’ என்று வையுங்கள். டிவிடியை 16:9 என்ற குறிப்போடு எழுதியிருந்தால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு அதுவே சரிசெய்துவிடும். குறிப்பு இல்லாமல் எழுதிய டிவிடிக்கு இது பலிக்காது.

கன்வெர்ட்டர் என்றால் கணக்கை நாமே போட வேண்டும். அது 1920×1080 முழுவதையும் 4:3க்குள் நெருக்குகிறது. எனவே நெருக்கிய பிறகு சரியாக வருமாறு முன்கூட்டியே படத்தைக் கெடுத்துக் கொடுக்க வேண்டும். முழு அகலமும் வேண்டும் என்றால், எடிட்டிங் மென்பொருளில் படத்தின் உயரத்தை மட்டும் 75 சதவீதமாக்குங்கள்: 1080 வரி 810 ஆகும், மேலே 135, கீழே 135 வரி கறுப்பு. கணினித் திரையில் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். டேப்பில் சரியாக இருப்பார்கள். திரை முழுக்க நிறைய வேண்டும் என்றால் நடுவில் 1440×1080 அளவுக்கு வெட்டி, அதை அகலவாக்கில் 1920க்கு இழுங்கள். ஏற்கெனவே 4:3 ஆக உள்ள பழைய வீடியோவுக்கும் இதே இழுவைதான். அதை இழுக்காமல், இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு ஓட்டினால் நடுவில் தென்னங்குச்சி மாதிரி ஆட்கள் நிற்பார்கள்.

எந்த வழியானாலும் முதலில் ஒரு வட்டத்தின் படத்தை ஓட்டி, டிவியில் அது வட்டமாகவே இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். டிவியும் 4:3இல் இருக்க வேண்டும். எல்சிடி டிவி தன் பங்குக்கு இழுத்துக்கொண்டிருந்தால் எதை நம்புவது என்றே தெரியாமல் போகும்.

அசைவு விட்டுவிட்டுத் தெரிகிறது. சில இடத்தில் முன்னும் பின்னும் நடுங்குகிறது.

இரண்டும் வேறு வேறு நோய்.

விட்டுவிட்டு வந்தால் ஃபிரேம் வேகம் ஒத்துப்போகவில்லை. போன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் எடுக்கும். ‘பால்’ டெக்குக்கு 25 வேண்டும். 30இல் 5 ஃபிரேமைத் தூக்கி எறிந்தால் கேமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் குதிப்பு அப்பட்டமாகத் தெரியும். இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் போனில் 25 அல்லது 50 வைக்க வழியிருக்கிறதா பாருங்கள். சில போன்களில் ‘பால்’ அளவுகளைக் காட்டு என்ற தேர்வு உண்டு. எடுத்து முடித்ததாக இருந்தால் 60ஐ 50 ஆக்குவது 30ஐ 25 ஆக்குவதைவிட நன்றாக வரும். திரைப்பட வேகமான 24இல் உள்ளதை 25க்கு வேகப்படுத்திவிடலாம். 4 சதவீத வித்தியாசம் யாருக்கும் உறைக்காது. கன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கணினியின் திரை அமைப்பிலும் 60 ஹெர்ட்ஸை 50 ஆக மாற்ற மறக்காதீர்கள்.

நடுங்கினால் வரிசை தலைகீழ். வி.எச்.எஸ். ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு ஃபீல்டாக எழுதுகிறது. டிவிடியை மேல் ஃபீல்டு முதலில் என்று எழுதுவது வழக்கம். டிவி (DV) எனும் டிஜிட்டல் டேப் கேம்கார்டரில் எடுத்த ஃபைல்கள் கீழ் ஃபீல்டு முதலில் என்று இருக்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் கை வீசுகிறவரின் கை ஒரு அடி முன்னே போய் அரை அடி பின்னே வரும். எழுதும் மென்பொருளில் வரிசையைத் திருப்பினால் போதும்.

போன் வீடியோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிரேம் வேகம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவதால் போகப் போக உதட்டசைவும் பேச்சும் விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகம் என்று தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துகள் படிக்க முடியவில்லை, சிவப்பு வழிகிறது. சரிசெய்ய முடியுமா?

ஓரளவுக்கு. வி.எச்.எஸ். குறுக்குவாக்கில் ஏறத்தாழ 240 வரி விவரத்தைத்தான் தாங்கும். நிறத்துக்கு அதிலும் மிகச் சிறிய பங்கே கிடைக்கும். அதனால்தான் சிவப்புச் சேலையின் ஓரம் சேலையோடு நிற்காமல் பக்கத்துச் சுவருக்குப் பரவுகிறது. நிறச்செறிவை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் வழிசல் நன்றாகக் குறையும். சுத்த வெள்ளையையும் கொஞ்சம் தாழ்த்துங்கள். டிவி அளவான 16 முதல் 235க்குள் இருக்கட்டும்.

டைட்டில் எழுத்து தடிமனாக, பெரிதாக, வெள்ளை அல்லது வெளிர்மஞ்சளில், கறுப்பு விளிம்போடு இருந்தால் நிற்கும். சுழிகளும் கொம்புகளும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட ஒரு பங்கு கூடுதல் அளவு தேவைப்படும். பழைய குழாய் டிவி ஓரங்களை மறைக்கும் என்பதால் எழுத்தெல்லாம் திரையின் நடு 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மெல்லிய கிடைக்கோடுகள் பதிவில் துடிக்கும்; செங்குத்தாக லேசாக மங்கலாக்கினால் அடங்கிவிடும்.

ஒலி வரவில்லை, அல்லது கரகரக்கிறது.

படம் வந்து ஒலி வராவிட்டால் கணினி 5.1 ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். கன்வெர்ட்டருக்கு ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத இரு தட ஒலி) மட்டும்தான் புரியும், அப்படி மாற்றுங்கள். மோனோ டெக்கில் வெள்ளை பின்னை மட்டும் செருகினால் வலப்பக்க ஒலி முழுவதும் காணாமல் போகும். ஃபைலிலேயே இரண்டையும் கலந்து மோனோவாக்கிவிடுவது சுத்தமான வழி. கரகரப்புக்கு ஒலி அளவைக் குறைத்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். தொடர்ந்து ஒரே மாதிரி ‘ம்ம்’ என்ற இரைச்சல் என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதோடு நின்றால், இணைத்த கருவிகளின் தரைக்கம்பிகள் சேர்ந்து உண்டாக்கும் சுற்றுதான் காரணம்.

எந்தக் கேசட் நல்லது? பழையதில் பதியலாமா?

பெட்டி பிரிக்காத கேசட் கிடைத்தால் ஈ-180 வாங்குங்கள். ‘பால்’ டெக்கில் எஸ்பி என்ற வழக்கமான வேகத்தில் 3 மணி நேரம். டி-120 என்பது என்டிஎஸ்சி கணக்கில் 2 மணி நேரம். அதையே ‘பால்’ டெக்கில் போட்டால் சுமார் 2 மணி 50 நிமிடம் ஓடும், ஏனென்றால் ‘பால்’ டெக்கில் டேப் மெதுவாக, நொடிக்கு 23.39 மிமீ வேகத்தில் நகர்கிறது. ஈ-240, ஈ-300 கேசட்டுகளில் டேப் மெல்லியது. பழைய டெக்கின் ரப்பர் உருளை அதைச் சுருட்டிக் கடித்துவிட வாய்ப்பு அதிகம்.

பழைய கேசட்டில் பதியலாம். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. டெக்குக்குள் போடவே போடாதீர்கள். டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட்டை அடைப்பதோடு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுதாக முன்னே ஓட்டி, திரும்ப ரிவைண்ட் செய்யுங்கள். வருடக்கணக்காகக் கிடந்த டேப்பின் இறுக்கம் சீராகும். கேசட்டின் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டான பதிவுக் காப்புத் துண்டு உடைந்திருந்தால் அந்தக் குழியின் மேல் செலோடேப் ஒட்டினால் டெக் மறுபடி பதிய ஒத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் துண்டை யாரோ காரணத்தோடுதான் உடைத்திருப்பார்கள். ஓட்டிப் பார்த்து, உள்ளே குடும்பப் பதிவு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு ஒட்டுங்கள்.

பதிவு செய்யும்போது டிவியில் பளிச்சென்று இருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரே கொசு, புள்ளிப் புள்ளியாகத் தெரிகிறது. எப்படி?

பதிவின்போது டிவியில் தெரிவது டேப்பில் உள்ள படம் அல்ல. உள்ளே வந்த சிக்னலை டெக் ஹெட்டைத் தொடாமல் அப்படியே டிவிக்கு அனுப்புகிறது. ஹெட் முழுக்க அடைந்திருந்தாலும் அந்தப் படம் பளிச்சென்றுதான் இருக்கும். ஒரே ஒரு நிமிடம் பதிந்து, ரிவைண்ட் செய்து, போட்டுப் பார்க்காமல் முழுப் பதிவைத் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

‘பால்’ எஸ்பி பதிவில் படத்தின் ஒவ்வொரு தடமும் 49 மைக்ரோமீட்டர் அகலம். துளி அழுக்கு போதும். ஹெட்டைத் துடைக்க மின்பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைக் கழற்றுங்கள். மின்சப்ளை பக்கம் கை போக வேண்டாம், பிடுங்கிய பிறகும் அதிர்ச்சி தரும். நூல் உதிராத மான்தோல் துண்டில் அல்லது சாதாரண வெள்ளைத் தாளில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, ஹெட் பொருத்திய, பளபளக்கும் டிரம்மின் பக்கத்தில் அழுத்தாமல் ஒட்டிப் பிடியுங்கள். துணி அசையக் கூடாது. டிரம்மின் மேல்பகுதியை விரலால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சி வேண்டவே வேண்டாம், நூல் ஹெட்டில் மாட்டும். 15 நிமிடம் காய விட்டுப் பிறகு கேசட் போடுங்கள்.

பதியும் முறையைச் சொல்லுங்கள்.

கணினியில் அறிவிப்புகள், ஸ்கிரீன்சேவர், தூக்கநிலை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கல்யாணப் படத்தின் மூலையில் மின்னஞ்சல் அறிவிப்பு பதிந்துவிட்டால் அதை டேப்பிலிருந்து துடைக்க வழியில்லை. டெக்கில் உள்ளீட்டை ஏவி, எல்1 அல்லது லைன் என்று மாற்றுங்கள். பல டெக்குகளில் சேனல் 1க்குக் கீழே போனால் வரும். வேகம் எஸ்பி. கேசட்டைத் தொடக்கத்துக்கு ரிவைண்ட் செய்து, டேப்பின் நுனியிலுள்ள வெற்று நாடா கடக்க 10 நொடி ஓட விட்டு நிறுத்துங்கள்.

ஃபைலின் தொடக்கத்தில் 15 நொடி கறுப்புத் திரை சேர்த்து வைத்திருந்தால் அவசரப்பட வேண்டாம்: முதலில் ரெக்கார்டு, பிறகு கணினியில் ப்ளே. சில டெக்குகளில் ரெக்கார்டு, ப்ளே இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ரெக்கார்டு–பாஸில் வைத்துவிட்டு ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தால் சுமார் 5 நிமிடத்தில் டெக் தானாகவே நின்றுவிடும். டேப் தேயாமல் காக்கும் ஏற்பாடு அது. ஒன்றரை மணி நேர வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம்தான், வேகப் பதிவு கிடையாது. முடிந்ததும் 10 நொடி கறுப்பு ஓட விட்டு நிறுத்தி, ரிவைண்ட் செய்து, முக்கியமான பதிவென்றால் காப்புத் துண்டை உடைத்துவிடுங்கள்.

படம் சில நொடி வெளிச்சமாகிறது, சில நொடி இருளாகிறது.

கடையில் வாங்கிய திரைப்பட டிவிடியை ஓட்டுகிறீர்கள். அதன் அனலாக் வெளியீட்டில் மேக்ரோவிஷன் என்ற நகல்தடை சிக்னல் சேர்ந்து வரும். டெக்கின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு அதில் குழம்பி ஏறி இறங்கும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் கன்வெர்ட்டர் வழியாகக் கறுப்புத் திரை மட்டும் வருவதும் இதே வகைத் தடைதான். உங்கள் சொந்த வீடியோவில் இரண்டும் வராது.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலும் கீழும் உருள்கிறது.

கன்வெர்ட்டரிலுள்ள ‘பால்’–என்டிஎஸ்சி சுவிட்ச் தவறான பக்கத்தில் இருக்கிறது. மாற்றிய பிறகு கன்வெர்ட்டரின் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள்.

படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து நெளிகின்றன.

கோளாறு அல்ல. ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது. எல்லா வி.எச்.எஸ். பதிவிலும் உண்டு, குழாய் டிவி மறைத்துவிடும், எல்சிடி காட்டிக்கொடுக்கும்.

எல்பி என்ற பாதி வேகத்தில் பதிந்தால் இருமடங்கு நேரம் கிடைக்குமே?

கிடைக்கும், தடத்தின் அகலம் பாதியாகும், கொசு கூடும், வேறொரு டெக்கில் ஓடாமல் அடம்பிடிக்கும். கேசட் பற்றாக்குறை என்றால் ஒழிய வேண்டாம்.

பழைய வீடியோ தோற்றம் மட்டும் வேண்டும். டேப்பில் பதிந்து மறுபடி கணினிக்குக் கொண்டுவரலாமா?

தாராளமாக. ஃபில்டர் போட்டு வரவழைக்கும் போலித் தோற்றத்தைவிட இது எவ்வளவோ மேல். கூடுதல் தேய்மானம் வேண்டுமென்றால் எல்பியில் பதியலாம், அல்லது ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு மறுபிரதி எடுக்கலாம். திரும்பக் கொண்டுவர யுஎஸ்பி கேப்சர் கருவியில் 720×576, 25 ஃபிரேம், இரண்டு ஃபீல்டும் பிரியாமல் எடுங்கள். டேப்பின் நேர ஒழுங்கு எப்போதும் சற்று ஆடும். அதைத் தாங்காத மலிவுக் கருவி ஃபிரேம்களை விட்டுவிடும், ஒலி விலகும். அந்த ஆட்டத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் உள்ளே வைத்த டெக்கோ, டிவிடி ரெக்கார்டரை நடுவில் கோப்பதோ இதற்கு உதவும்.

பதிந்த கேசட்டின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், ஒட்டுப்போட்ட இடம் தெரியும். சாதாரண டெக்கில் அழிக்கும் ஹெட், டிரம்முக்குச் சில சென்டிமீட்டர் முன்னாலேயே அசையாமல் நிற்கிறது. புதுப் பதிவு தொடங்கும்போது அந்த இடைவெளியில் உள்ள டேப் அழிக்கப்படாமலே ஹெட்டுக்கு வந்துவிடும். பழையதின் மேல் புதியது விழ, முதல் சில நொடிகளுக்கு வானவில் கோடுகள் ஓடும். முடியும் இடத்தில் இதற்கு நேர்மாறு: அழிந்துபோன, எதுவும் பதியாத ஒரு துண்டு டேப் மிஞ்சி, படம் சற்று நேரம் கொசுவாகும். சுழலும் அழிப்பு ஹெட் உள்ள டெக்கில் இந்த இரண்டும் இல்லை. முன்பலகையில் ‘இன்சர்ட்’ என்ற பட்டன் இருந்தால் உங்களுடையது அந்த வகையாக இருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் கணினியிலேயே திருத்தி, முழுவதையும் முதலிலிருந்து பதிவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.